ஆறுல எது ஒசத்தி?

டாக்டர் வேலப்பன் பிரசவம் பாத்துப் பாத்தே தலை நரைச்சவரு. திடீர்னு லேப் வேலை கத்துக்கணும்னு ஆசை வந்து, நாகர்கோவில்ல ஒரு செயற்கைக் கருத்தரிப்பு ஆஸ்பத்திரியில லேப் பாக்குற ஜெசிந்தாகிட்ட சிஷ்யனா சேந்துட்டாரு. அவளுக்கு அவரோட மக வயசு.

ஆனா அந்த ஜெசிந்தாகிட்ட ஒரு கேள்விக்கு நேரா பதில் வாங்க முடியலையேன்னு அவருக்கு ஒரே எரிச்சல்.

"இக்ஸி, இம்ஸி, பிக்ஸி. மூணுல எது ஒசத்தி மேடம்?"

"மூணுமே விந்தணுவ ஊசியால முட்டைக்குள்ள வைக்கிறதுதான் டாக்டர். பொறுக்குறதுதான் வேற. இக்ஸியில சாதா லென்ஸ்ல பாத்து எடுப்போம். இம்ஸியில இன்னும் ரொம்பப் பெருசாக்கிப் பாப்போம். பிக்ஸியில மருந்து தடவின தட்டுல எது ஒட்டுதோ அத எடுப்போம்."

"அது தெரியுது. எது ஒசத்தி?"

"காலையில இருந்து இதத்தான் கேக்குறீங்க."

அன்னைக்கு வேன் ஓட்டுற செல்லத்துரையோட கேஸ். விந்துல அணு ஒண்ணுகூட கிடையாது. விதையில இருந்து துளி சதை எடுத்து, பிச்சுப் பிச்சுத் தேடினதுல ஆறு கிடைச்சுது. லேசா அசையுது. அவரு வீட்டம்மா பிரேமாவோட முட்டை அஞ்சும் இன்குபேட்டர்ல தயாரா இருக்கு. ரொம்ப நேரம் விட்டா வீணாப் போயிரும்.

வேலப்பன் பெரிய லென்ஸ மாட்டிட்டு எந்திரிக்கவே இல்ல.

"இதுக்குத் தலையில ஓட்டை மேடம். இதுக்கு வால் கோணல். இது கழுத்தே சரியில்ல."

"பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க?"

"ஆறுமே தேறாது. பிக்ஸி தட்டுல போட்டுப் பாக்கலாமா?"

"ஒண்ணுமே ஒட்டலைன்னா?"

வேலப்பன் மறுபடியும் லென்ஸ்ல குனிஞ்சாரு. ஜெசிந்தா பெருமூச்சு விட்டா.

"வார்டுல செல்லத்துரை இருக்காரு. போய் இத அப்படியே அவருகிட்ட சொல்லிட்டு வாங்க."

வேலப்பன் முணுமுணுத்துக்கிட்டே போனாரு. புருஷனும் பொண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாங்க.

"ஆறு கிடைச்சிருக்கு. ஆனா..."

"ஆறா?" செல்லத்துரை எந்திரிக்கப் பாத்தாரு. தையல் இழுத்துச்சு. "எனக்கு ஒண்ணுமே கிடையாதுன்னுதானே சார் போன இடமெல்லாம் சொன்னாங்க. ஏய் பிரேமா, ஆறாம்டி."

பிரேமா கண்ணத் தொடைச்சுக்கிட்டே சிரிச்சா. "என்கிட்ட அஞ்சுதான் சார். ஒண்ணு மிச்சமே."

வேலப்பனுக்கு அந்த 'ஆனா'வுக்கு மேல வரல. திரும்பி வந்தாரு.

ஜெசிந்தா பெரிய லென்ஸக் கழட்டி வச்சிருந்தா.

"சொல்லிட்டீங்களா?"

"பாதி சொன்னேன்."

"மீதி?"

"அவங்க கேக்கல." கொஞ்சம் தயங்கினாரு. "ஆனாலும் மேடம், எது ஒசத்தின்னு நீங்க இன்னும் சொல்லலையே."

"ஆறு கோடி இருக்குறவரு வரும்போது கேளுங்க டாக்டர். இப்ப கையக் கழுவிட்டு வந்து உக்காருங்க. முட்டை காத்துக்கிட்டிருக்கு."