கரடி வீட்டு வாசலில் தவளையின் பிள்ளைகள்

கொசுவுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு காட்டில், தூக்கத்துக்கு ஏங்கித் தவித்த கரடி ஒன்று இருந்தது, குழந்தைகளே! உடம்பெல்லாம் ரோமம் இருந்து என்ன பயன்? மூக்கில் ஒரு முடிகூட இல்லையே! கொசுக்கள் எல்லாம் அங்கேதான் வந்து விருந்து சாப்பிட்டன.

வாசலில் திருநீற்றுப் பச்சிலைச் செடி இருந்தால், அதன் வாசனைக்குக் கொசு அண்டாது என்று கரடி கேள்விப்பட்டது. உடனே குகை வாசலில் பாத்தி கட்டி விதைத்தது. முளைத்த தளிரையெல்லாம் வெட்டுக்கிளிகள் மொட்டையடித்துவிட்டன. மிஞ்சியது கடைசியாக ஒரு பிடி விதைதான். கரடி அதையும் மண்மேல் தூவி, தண்ணீர் தெளித்துவிட்டு, வீங்கிய மூக்கோடு காத்திருந்தது.

தண்ணீர் பட்டால் அந்த விதைகள் ஊறி, கறுப்புப் பொட்டைச் சுற்றி வழுவழுவென்று கூழ் கட்டிக்கொள்ளும். அப்படியே கட்டிக்கொண்டன.

அந்த வழியாக ஒரு தவளை வந்தது. பிடிவாதத்தில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. பாத்தியைப் பார்த்ததும், ஏற்கெனவே பிதுங்கிய கண்கள் இன்னும் பிதுங்கின.

“ஐயோ, என் முட்டைகள்! அடே கரடி, திருடிக்கொண்டு வந்து இங்கே பரப்பி வைத்திருக்கிறாயா?”

“அக்கா, இவை விதைகள்!”

“யாரிடம் கதை விடுகிறாய்? பெற்றவளுக்குத் தெரியாதா? இப்போதே எல்லாவற்றையும் குளத்துக்கு உருட்டிக்கொண்டு போகிறேன்!”

கரடி பாத்தியை மறித்து நின்றது. கெஞ்சியது, கையெடுத்துக் கும்பிட்டது, விதைதான் என்று நிரூபிக்க ஒன்றை வாயில் போட்டு மென்றும் காட்டியது. அதுதான் வம்பாகப் போயிற்று.

“கொலைகாரா! என் கண்ணெதிரிலேயே என் பிள்ளையைத் தின்கிறாயா?” என்று தவளை போட்ட கூச்சலில் காடே திரும்பிப் பார்த்தது.

அப்போது வெட்டுக்கிளி ஒன்று பாத்தியில் வந்து குதித்தது. தவளை நாக்கை நீட்டினதுதான் தெரியும், வெட்டுக்கிளியைக் காணோம். விழுங்கிய கையோடு தவளை மறுபடியும் திட்டத் தொடங்கியது.

கரடி அதை வாய் பிளந்து பார்த்தது. சட்டென்று அதன் குரல் குழைந்தது.

“மன்னித்துவிடுங்கள் அக்கா. உங்கள் முட்டைகளேதான்! ஆனால் குளத்தில் மீன்கள் விழுங்கிவிடுமே? நீங்கள் இங்கேயே இருந்து காவல் காத்தால் என்ன?”

“இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?” என்று தவளை பாத்தி ஓரமாகச் சப்பென்று உட்கார்ந்துகொண்டது.

அதன்பிறகு ஒரு வெட்டுக்கிளியும் தப்பவில்லை. விதைகளிலிருந்து வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும், “வால் முளைத்துவிட்டது!” என்று தவளை கூத்தாடியது. இலைகள் விரிந்ததும், “நிறத்தைப் பார், அப்படியே நான்தான்!” என்று பூரித்தது.

செடிகள் மளமளவென்று வளர்ந்தன. வாசனை பரவியது. கொசுக்கள் வேறு மூக்கு தேடிப் போய்விட்டன. கரடி ஆசை தீரக் குறட்டை விட்டுத் தூங்கியது.

ஒருநாள் மூக்கில் தேய்த்துக்கொள்ள ஆசைப்பட்டு, கரடி ஓர் இலையைக் கிள்ளியது.

“என் பிள்ளையின் காதையா கிள்ளுகிறாய்?” என்று தவளை பாய்ந்து வந்தது.

கரடி திருதிருவென்று விழித்தது. “இவன்தான் அக்கா, என் மூக்கைப் பார்த்துச் சிரித்தான்!”

தவளை அந்தச் செடியை ஏற இறங்க முறைத்தது.

“பெரியவர்களைக் கேலி செய்கிறாயா? தம்பி, அந்த இன்னொரு காதையும் கிள்ளு!”

நீதி: பிடிவாதக்காரரோடு மல்லுக்கட்டாதே, அவருக்கு ஒரு வேலை கொடு.