முடிச்சுப் போட்ட சிவப்பு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, மலைமேல ஒரு ராஜ்யம் இருந்துச்சு. குளிருன்னா குளிரு, அப்படி ஒரு குளிரு! அதனால எல்லா வீட்டுலயும் கம்பளி நூல், எல்லாக் கையிலயும் கொக்கி ஊசி.

அங்க ஏழு பெண்கள் தினமும் உச்சிப்பொழுதுல ஏரிக்கரை நாவல் மரத்தடியில கூடுவாங்க. அன்னன்னைக்கு மனசு போன போக்குல எதையாவது பின்னிக் கொண்டுவரணும். பூவா? சரி. பாம்பா? சரி. ஒண்ணுமே புரியலையா? அதுவும் சரி! ஒரே ஒரு கட்டுப்பாடுதான். கடைசிக் கண்ணியை, அதான் நூல் வளையத்தை, முடிச்சுப் போட்டு மூடக் கூடாது, திறந்தே விடணும். பக்கத்துல இருக்கிறவ அதுல ஊசியை விட்டு நாலு கண்ணி சேர்ப்பா.

அந்த ஏழு பேர்ல ஒருத்தி சிந்தாமணி. அவ பின்னல்ல சேர்க்கிறவ அவ சிநேகிதி, பேரு உடையா. உடையா கை பட்டா மொக்கைப் பின்னல்கூட சிரிக்கும். "அடி ஆத்தி, என்ன கையடி உனக்கு!"ன்னு எல்லாரும் உடையாவைத்தான் மெச்சுவாங்க. சிந்தாமணிக்கு வயித்தெரிச்சல். நல்லவதாங்க, ஆனாலும் எரிஞ்சுது.

ஒருநாள் நூல் விக்கிற மந்திரவாதி ஒருத்தன் எலும்பு ஊசியை நீட்டினான். "இதுல பின்னிப் பாரு தாயி, ஊர்ல இல்லாத நிறமெல்லாம் வரும்."

"பதிலுக்கு என்ன வேணும்?"

"தினம் ஒரு பொய். 'இன்னைக்கு ஒண்ணும் பின்னலடி'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானேன்னு வாங்கிக்கிட்டா, பாவி மக!

மறுநாள் வெள்ளை நூலை எடுத்தா. ஊசி பட்டதும் தகதகன்னு மஞ்சள்! ஊசி பேசுச்சு: "காட்டாதே, காட்டாதே, எவளுக்கும் காட்டாதே!" மடியில ஒளிச்சுக்கிட்டுப் போய், "இன்னைக்கு ஒண்ணும் பின்னலடி"ன்னா. அந்த நிமிஷமே உடையா முகத்துல பூசியிருந்த மஞ்சள் வெளுத்துப் போச்சு.

ரெண்டாம் நாள் பச்சை. "காட்டாதே, காட்டாதே, எவளுக்கும் காட்டாதே!"ன்னுச்சு ஊசி. "இன்னைக்கும் பின்னலடி"ன்னா சிந்தாமணி. உடையா கையில குத்தியிருந்த பச்சை மறைஞ்சுபோச்சு. "எனக்கு என்னமோ ஆகுதுடி"ன்னு அவ அழுதா. சிந்தாமணிக்குப் புரிஞ்சுது. கேட்டீங்களா, நல்லாவே புரிஞ்சுது! ஆனா வாயைத் திறக்கல.

மூணாம் நாள் சிவப்பு. அம்மாடி, அப்படி ஒரு சிவப்பு! "இதுல அவ கை படவே கூடாது"ன்னு நறுக்குன்னு முடிச்சுப் போட்டு நூலை வெட்டிட்டா. முடிச்சுப் போடுன்னு மந்திரவாதி சொல்லல, ஊசியும் சொல்லல. அவளாத்தான் போட்டா.

"இன்னைக்கும் ஒண்ணும் பின்னலடி."

சொல்லி வாய் மூடல, உடையாவோட உதடு வெளுத்துது. கை சிறகாச்சு, கால் குச்சியாச்சு. வெள்ளைக் கொக்கா பறந்துபோய் ஏரி நடுவுல பாறைமேல உட்கார்ந்துட்டா.

"ஐயோ உடையா!" சிந்தாமணி ஊசியை முட்டியில வச்சு முறிச்சா. மடியில இருந்ததை எல்லார் முன்னாலயும் கொட்டினா. "பொய் சொன்னேன்! மூணு நாளும் பொய் சொன்னேன்! அவ நிறத்தை நான்தான் எடுத்துக்கிட்டேன்!"

"அழுதா ஆச்சா? பிரிடி!"ன்னு கத்தினாங்க எல்லாரும். "பின்னினதைப் பிரி, நிறம் அவகிட்டப் போகட்டும்!"

மஞ்சளை இழுத்தா. கண்ணி திறந்திருந்துதே, சரசரன்னு பிரிஞ்சுது; கொக்குக்கு உடையா முகம் வந்துச்சு. பச்சையை இழுத்தா. சரசரன்னு பிரிஞ்சுது, சிறகு ரெண்டும் கையாச்சு. சிவப்பை இழுத்தா. வரல. நகத்தால நெம்பினா, பல்லால கடிச்சா, முடிச்சு அசையல. கடைசியில கத்தரியாலதான் வெட்ட முடிஞ்சுது. உடையா முழுசா எழுந்து நின்னா. ஆனா சிவப்பு நூல் தூள் தூளா உதிர்ந்து காத்துல போயிடுச்சு, அந்த நிறம் மட்டும் அவகிட்டத் திரும்பல.

மந்திரவாதியோட மூட்டையில இருந்த நூலெல்லாம் அப்பவே சாயம் போச்சாம். அவன் தலைதெறிக்க ஓடினவன், திரும்பி வரவே இல்ல.

உடையா திட்டல. திட்டியிருந்தா தேவலாம். மறுநாள் அதே மரத்தடியில தன் கூடையிலேர்ந்து ஒரு நூல்கண்டை எடுத்து நீட்டினா. "இது என்ன நிறம்டி? எனக்குச் சாம்பலாத்தான் தெரியுது."

சிந்தாமணி சொன்னா, "சிவப்புடி."

"அழகா இருக்கா?"

"ரொம்ப அழகா இருக்குடி."

"அப்ப நீயே வச்சுக்கடி. உனக்குத்தான் சிவப்புன்னா உசுராச்சே."

மடியில வாங்கி வச்சுக்கிட்டா. அந்தக் கண்டு கடைசிவரைக்கும் அவகிட்டயே இருந்துச்சு. அதுலேர்ந்து ஒரு கண்ணிகூட அவ பின்னல.

கதை இங்க முடியுதுங்க. ஆனா நான் முடிச்சுப் போடல.