மொறுமொறுவென்று ஒரு கிழங்கு

“சாமி, எனக்கு ஒரு மந்திரம் வேணும்.”

“எதுக்கு அக்கா?”

“சக்கரவள்ளிக் கிழங்கை வறுத்தா மொறுமொறுன்னு வரணும். அதுக்கு.”

ஏரிக்கரைச் சாமி சிரிக்கவில்லை.

மார்கழிப் பனி ஏரியை மூடியிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கல் மண்டபத்தின் தூண்கள் மட்டும் அந்த வெள்ளைக்குள் நின்றுகொண்டிருந்தன.

சாமி வயதில் சின்னவள். மொட்டைத் தலை, சாயம் போன சேலை. எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியாது. பூரணம் அவளைவிட மிகவும் மூத்தவள். ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் வந்து மண்டபத்தைப் பெருக்கிவிட்டு அவள் எதிரில் உட்காருவாள். பேச்சு அதிகம் இருக்காது. எழுந்து போகும்போது பூரணத்தின் நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியிருக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை இல்லை. பூரணம் பெருக்கவும் இல்லை.

“குழலிக்கு என்ன?” என்று கேட்டாள் சாமி.

பூரணம் அழத் தொடங்கினாள்.

ஐப்பசியில் மகள் குழலிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் ருசியையும் கொண்டுபோய்விட்டது. சோறு நனைந்த பஞ்சு மாதிரி இருக்கிறது என்றாள். குழம்பு வெறும் வெந்நீர் என்றாள். தானாக வரும், பொறுத்திருங்கள் என்று டாக்டர் சொன்னார். வரவில்லை. இரண்டு இட்லி ஒன்றாயிற்று. ஒன்று பாதியாயிற்று. இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

“நேத்து அவளாத்தான் வாயைத் தொறந்தா, சாமி. ஹாஸ்டல்ல இருந்தப்ப சக்கரவள்ளியை நீளநீளமா நறுக்கி வறுத்துத் தருவாங்களாம். ருசி தெரியாட்டியும் கடிக்கிற சத்தமாவது கேக்கும்மான்னு சொன்னா.”

“வறுத்தீங்களா?”

“காலையில இருந்து வறுக்கிறேன். எல்லாம் துவண்டு துவண்டு போகுது. அப்பளம் குடுத்தா தொண்டையில குத்துதுங்கறா. கடைச் சிப்ஸும் அப்படித்தான். எலும்பும் தோலுமா ஆயிட்டா சாமி. எனக்குப் பயமா இருக்கு.”

சாமி எழுந்தாள்.

“வாங்க.”

“எங்க?”

“உங்க வீட்டுக்கு.”

சாமி இதுவரை யார் வீட்டுக்கும் போனதில்லை.

இருவரும் வரப்பில் நடந்தார்கள். பனிக்குள் ஒரு மாட்டின் மணி கேட்டது. மாடு தெரியவில்லை. முன்னால் நடந்த சாமியும் அவ்வப்போது மறைந்து மறைந்து தெரிந்தாள். தூக்கத்தில் நடப்பது போல இருந்தது பூரணத்துக்கு.

வீட்டில் பூரணமும் குழலியும் மட்டும்தான். வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருந்தார்.

“வழக்கமா எப்படி வறுப்பீங்களோ அப்படியே வறுங்க,” என்று சொல்லிவிட்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள் சாமி.

பூரணம் தோலைச் சீவினாள். நறுக்கினாள். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசறினாள். எண்ணெய் காய்ந்ததும் அத்தனையையும் அள்ளிப் போட்டாள். கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய் சட்டென்று அடங்கிப்போனது.

எடுத்தபோது கிழங்கு தலை தொங்கி நின்றது.

சாமி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

“நல்லா இருக்கு.”

“துவண்டு போச்சே சாமி!”

“ஏன் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டீங்க?”

“சீக்கிரம் ஆகணுமே. அவ பசியோட இருக்காளே.”

“பசியே இல்லைன்னுதானே படுத்திருக்கா?”

பூரணம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

சாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாள்மணை முன் உட்கார்ந்தாள். நறுக்கிய துண்டுகள் எல்லாம் ஒரே தடிமனில் விழுந்தன. அவற்றை ஒரு குண்டான் தண்ணீரில் போட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றாள் பூரணம்.

“ஊறட்டும்.”

பூரணம் எழுந்து போய் மகளின் அறையை எட்டிப் பார்த்தாள். வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

“அவ சாப்பிடும்போது நீங்க எங்க இருப்பீங்க?”

“பக்கத்துலயேதான், சாமி. ஒவ்வொரு வாயும் உள்ள போகுதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். ஏதாவது தெரியுதாடி, உப்பு தெரியுதா, காரம் தெரியுதான்னு கேப்பேன்.”

“அவ என்ன சொல்வா?”

“ஒண்ணும் சொல்ல மாட்டா. தட்டைத் தள்ளிருவா.”

சாமி குண்டானைக் காட்டினாள். தண்ணீர் பால் மாதிரி கலங்கி, அடியில் வெள்ளையாய் மாவு படிந்திருந்தது.

“இவ்வளவா இருந்தது உள்ள?” என்றாள் பூரணம்.

சாமி தண்ணீரைக் கொட்டினாள். ஒரு பழைய வேட்டியைத் தரையில் விரித்துத் துண்டுகளைப் பரப்பினாள். ஜன்னல் வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. கொல்லையில் கிணறு வரைக்கும்தான் உலகம் இருந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை.

“இந்தப் பனியில எப்படிக் காயும் சாமி?”

“காயாது.”

வேட்டியின் ஒரு நுனியை எடுத்து, ஒரு துண்டைத் துடைத்தாள். வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

பூரணம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுநுனியைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் துடைத்தார்கள். ஒவ்வொன்றாக, நான்கு பக்கமும். குழலி கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிவிட்டு விரல் விரலாகத் துடைத்தது பூரணத்துக்கு நினைவு வந்தது. கை தானாக மெதுவானது. அறையை எட்டிப் பார்க்க அவள் எழவில்லை. எழவில்லை என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சாமி கொஞ்சம் அரிசி மாவைத் தூவிப் புரட்டினாள். மாவு ஒட்டியதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத்தான். அடுப்பை மூட்டி, ஒரு கை கிழங்கை மட்டும் எண்ணெயில் விட்டாள். எண்ணெய் சலசலவென்று பேசிக்கொண்டே இருந்தது. அது அடங்கும் முன்பே, நிறம் மாறும் முன்பே எடுத்துவிட்டாள்.

“வெளுப்பா இருக்கே. வேகலையா?”

“வெந்துருச்சு.”

“அப்ப ஆச்சா?”

“இல்ல.”

மீதியையும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுத்தாள். எல்லாவற்றையும் ஆறவிட்டாள். பிறகு தீயைக் கூட்டி, ஆறியதை மறுபடியும் எண்ணெயில் போட்டாள்.

“ஒரு தடவை வெந்ததை எதுக்கு மறுபடியும் போடுறீங்க?”

சாமி உதட்டில் விரலை வைத்தாள்.

பூரணம் காது கொடுத்தாள். முதலில் மழை போல ஒரு இரைச்சல். கொஞ்சம் கொஞ்சமாக அது மெலிந்தது. பிறகு தூரத்தில் யாரோ கொலுசு போட்டுக்கொண்டு நடப்பது போல. சாமி ஜல்லிக்கரண்டியால் ஒரு துண்டைத் தட்டிப் பார்த்தாள். உலர்ந்த சருகின் சத்தம் வந்தது.

வடித்துத் தட்டில் போட்டதும்தான் உப்புத் தூவினாள்.

பூரணம் தட்டைப் பறித்துக்கொண்டு எழுந்தாள். சாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உக்காருங்க அக்கா.”

“ஆறிப்போயிரும் சாமி! விடுங்க!”

“நீங்க எப்ப சாப்பிட்டீங்க?”

பூரணம் நின்றாள். காலையில் இல்லை. நேற்று ராத்திரி தண்ணீர் குடித்தது ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் எப்போது, என்ன என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

“அவ சாப்பிடாம நான் எப்படி…”

“உக்காருங்க.”

உட்கார்ந்தாள். சாமி ஒரு துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தாள். சுட்டது. கையை மாற்றி மாற்றிப் பிடித்து, ஊதி, கடித்தாள்.

அந்த அமைதியான வீட்டில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

பூரணத்தின் கண்கள் தானாக மூடிக்கொண்டன. மேலே மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே வெண்ணெய் மாதிரி கரைந்தது. முதலில் உப்பு. பிறகு, மெல்ல, இனிப்பு. இத்தனை வாரமாக அவள் வாயில் எதுவுமே இனித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சொல்லாமலே இன்னொன்றை எடுத்தாள்.

சாமியும் எடுத்தாள். இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து கடித்தார்கள். சாமி அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டு “ஆ, ஆ” என்று வாயைத் திறந்து காற்று வாங்கினாள். பூரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமியின் முன்னால் அவள் சிரித்ததே இல்லை. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சாமியும் சிரித்தாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வரும் காலடி. கதவோரம் வந்து நின்றது.

பூரணத்தின் உடம்பு எழத் துடித்தது. தட்டை நீட்ட, வாடி கண்ணு என்று கூப்பிட, ஒரு வாயாவது என்று கெஞ்ச. சாமி அவளைப் பார்க்கவில்லை. குனிந்து தட்டிலிருந்து இன்னொரு துண்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பூரணம் எழவில்லை. கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். ஜன்னலைப் பார்த்தபடி கையிலிருந்ததைக் கடித்தாள்.

குழலி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவள் தோள் அம்மாவின் தோளில் பட்டது. சின்னத் தோள். ஒரு துண்டை எடுத்து, காதருகில் வைத்து உடைத்துப் பார்த்தாள். பிறகு பாதியை வாயில் போட்டுக்கொண்டாள்.

பூரணம் திரும்பவில்லை. மென்று முடிக்கும் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

சாமி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கொல்லை வழியாக வெளியே போனாள். கிணறு வரை தெரிந்தாள். பிறகு தெரியவில்லை.

“அம்மா.”

“ம்.”

“இது எப்படிம்மா இருக்கு? எனக்குத் தெரியல. நீ சொல்லேன்.”

மகளிடம் அவள் இத்தனை நாள் கேட்ட கேள்வி. மகள் அவளிடம் கேட்டதில்லை.

“முதல்ல உப்புக் கரிக்குது,” என்றாள் பூரணம். “கொஞ்ச நேரம் கழிச்சு இனிப்பு வருது. தானா வருது. தாழம்பூ வெயில்ல காஞ்சா ஒரு மணம் வருமே, அது மாதிரி லேசா ஒண்ணு.”

குழலி அடுத்ததை எடுத்தாள்.

“இன்னும் சொல்லு.”