தாரகை பிடித்த மூன்று கைகள்

இதைக் கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் கதையில் பாதி நீர்த்துப்போகும். நீங்கள் நிதானமாகக் கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

திருச்சியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி மையம் ஒன்று. ஆண்டுவிழாவில் ஒரு கேடயம் தருவார்கள். ‘ஒரு பிள்ளை தன் தேவையைச் சொல்ல வழி கண்டவருக்கு’ என்று அதில் பொறித்திருக்கும். வருடா வருடம் அதைத் துடைத்து வைப்பார்களே தவிர, யாரும் படிப்பதில்லை.

அங்கே தாரகை என்று பதினொரு வயதுப் பெண். பேச்சு வராது. ஆடி மாதத்தில் திடீரென்று தன் கன்னத்தில் தானே ஓங்கி அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். வலது கன்னத்தில் மட்டும். பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு.

பயிற்சியாளர் சுகிர்தா ஒரு திட்டம் போட்டார். அவள் அடித்துக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் இன்னும் அடிப்பாளாம். ஐந்து நிமிடம் கை மடியில் இருந்தால் ஒரு துண்டு கடலை மிட்டாய். சுகிர்தா சோம்பேறி இல்லை, கெட்டவரும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஒவ்வோர் அடியையும் அட்டவணையில் குறித்தார். ‘காரணம்’ என்ற கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது.

அப்பா தெய்வசிகாமணி தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மகளின் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வார். கண் கலங்கும். பிடி தளராது.

முதல் வாரம் நாற்பத்தொரு அடி. மிட்டாய் தொடங்கிய வாரம் அறுபது. ஆறாம் வாரம் ஒன்றுகூட இல்லை. மையமே கைதட்டியது.

வேனில் வரும் ஆயா செபஸ்தியம்மாள் ஒன்றைக் கவனித்தார். “டீச்சர், புள்ளை மிட்டாயத் திங்கல. எல்லாத்தையும் பாக்கெட்ல போட்டு வெச்சிருக்கு.”

“நல்லதுதானே ஆயா. ஆசைய அடக்கக் கத்துக்கிட்டா” என்ற சுகிர்தா அதையும் சாதனையாக எழுதிக்கொண்டார்.

ஆண்டுவிழா வந்தது. மேடையில் தாரகை கையை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொடுத்த மிட்டாயைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். இறங்கி வந்ததும் சுகிர்தாவின் கையைப் பிடித்துத் தன் வலது கன்னத்தில் வைத்தாள். சுகிர்தா திட்டப்படி கையை உருவிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்து அப்பாவின் கையை வைத்தாள். அவர் வழக்கம்போல அவள் கையை மடக்கி மடியில் வைத்தார். மூன்றாவதாக ஆயாவின் கை. ஆயா எடுக்கவில்லை. கன்னம் கொதித்தது. வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல்லைச் சுற்றிச் சீழ்.

ஆயா அவளைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த பல் மருத்துவரிடம் ஓடினார். பின்னாலேயே ஓடிய அப்பா, ஆடியிலிருந்து அவள் கன்னத்தில் அடித்துக்கொண்டதைச் சொன்னார்.

“ரெண்டு மாசமா இந்த வலியோடயா இருந்துச்சு?” என்று கேட்டார் மருத்துவர்.

மறுநாள் மையத்தின் நிர்வாகி மூவரையும் கூப்பிட்டார். விழாக் குழப்பத்தில் கொடுக்காமல் நின்றுபோன கேடயத்தை யாருக்காவது கொடுத்தாக வேண்டும் அவருக்கு.

“நான் முறைப்படிதான் செஞ்சேன் சார். அடிக்கிறது நின்னுச்சுல்ல” என்றார் சுகிர்தா.

“நான் அவ நல்லா இருக்கணும்னுதாங்க பிடிச்சேன்” என்றார் அப்பா.

“எனக்கு எதுக்குய்யா? அது அடிச்சுக்கிட்டப்பல்லாம் நானுந்தான் சொன்னபடி ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்தேன்” என்றார் ஆயா.

சொல்லுங்கள். கேடயம் யாருக்குப் போக வேண்டும்?

விடை: ஆயா என்று சொல்லியிருப்பீர்கள். அவள் சொன்னதை அவர் காதுகொடுத்துக் கேட்டார், அதற்கு அவருக்கு என் கும்பிடு. ஆனால் பொறித்திருப்பதைப் படியுங்கள்: வழி கண்டவருக்கு. தாரகை தன் கையால் சொன்னாள், கையைப் பிடித்துவைத்தார்கள். மிட்டாயைத் தின்னாமல் சொன்னாள். அடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். தன் கை கூடாதென்றால் அடுத்தவர் கையால் சொல்லலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். இரண்டு கைகள் கைவிட்ட பிறகும் மூன்றாவது கையைத் தேடிப் போனாள். கேடயம் அவளுக்கே. கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ள நிற்காதீர்கள். போய் அந்தக் காலிக் கட்டத்தில் ‘பல் வலி’ என்று எழுதுங்கள்.