தடம் முடிந்த இடம்

"திருட்டுப் பயல்களுக்குக் கூழா?" என்று கேட்டார் வீரபத்திரன்.

அஞ்சலையம்மாள் இரண்டாவது சட்டியையும் நிரப்பி நீட்டினாள்.

வந்த இருவரும் நின்றபடியே குடித்தார்கள். அவர்களில் கீழூர்க் கொளஞ்சியின் தோளில் ஒரு விதைக்கோட்டை இருந்தது. விதைநெல்லை வைக்கோல் பிரியால் இறுகச் சுற்றிச் சாணம் மெழுகிய உருண்டை அது. கூழ் குடிக்கும்போதுகூட அவன் அதை இறக்கவில்லை. கூட வந்தவன் அவனுடைய மைத்துனன். குடித்ததில் பாதி அவன் மார்பில் வழிந்தது.

"யார் வீட்டுது?" என்றாள் அஞ்சலையம்மாள்.

"மணியக்காரர் வீட்டுது, தாயே."

"ஏன் எடுத்தே?"

"நாத்தங்கால் கருகிப்போச்சு. மறுபடி விடறதுக்கு விதை இல்ல."

"கேட்டு வாங்கியிருக்கலாமேடா," என்றார் வீரபத்திரன்.

"கேட்டோம். நாயை அவுத்துவிட்டாங்க."

"அதுக்காகத் திருடுவியா?"

"கடிச்ச பிறகுதாங்க எடுத்தோம்," என்றான் மைத்துனன்.

மேட்டுப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. அஞ்சலையம்மாள் ஏரியோரத்துக் கோரைப் புதரை மோவாயால் காட்டினாள். இருவரும் வெள்ளரிக் கொடிகளை மிதித்துக்கொண்டு ஓடித் தண்ணீரில் இறங்கினார்கள். கோரை ஆடியது. பிறகு ஆடவில்லை.

வீரபத்திரனின் கண் மிதிபட்ட கொடிகளின் மேலேயே போனது. சுற்றுவட்டாரத்தில் அவரைப் போலத் தடம் பார்க்க ஆள் கிடையாது. களவு போன மாட்டின் குளம்பை வைத்தே அது எந்த வீட்டுக் கட்டுத்தறியில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். காவல் வேலையிலேயே தலை நரைத்தவர். மனைவி போன பிறகுதான் அஞ்சலையம்மாளின் இந்த ஏரிக்கரைக் குடிசைக்கு வந்து சேர்ந்தார். தன் மகள் வயதுப் பெண்ணிடம் ஞானம் கேட்கப் போகிறான் கிழவன் என்று ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்றிருந்தார். அவள் பெருக்கச் சொன்னால் பெருக்கினார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவந்தார். கேட்ட கேள்விக்கு ஒருநாளும் நேராகப் பதில் வந்ததில்லை. அதையும் பொறுத்துக்கொண்டார்.

இன்று பொறுக்க முடியவில்லை.

"நியாயம் எதுன்னு தெரிஞ்சுக்கத்தான் உங்ககிட்ட வந்தேன், தாயே. திருடனுக்கு ஒளிய இடம் காட்டுறது எந்த ஊரு நியாயம்?"

"கீரை கிடக்கு. ஆயணும், பெரியவரே."

"கீரை கிடக்கட்டும்! மணியக்காரர் வந்து கேட்பார். நான் பொய் சொல்ல மாட்டேன். தடத்தைப் பார்த்துப் பொய் சொன்ன நாக்கு இல்ல இது."

"நான் சொல்லச் சொன்னேனா?"

அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மணியக்காரர் தெய்வசிகாமணி முன்னால் வந்தார். பின்னால் கம்புகளோடு அவருடைய ஆட்கள். அவர்களுக்கும் பின்னால் கீழூர்க்காரர்கள். தடம் பார்க்கும்போது பக்கத்து ஊர் சாட்சிக்கு நிற்க வேண்டும் என்பது முறை. அவர்கள் கையிலும் கம்பு இருந்தது. ஆனால் கம்பை ஊன்றி நடந்தார்கள். முகத்தில் கலக்கம் தெரிந்தது. தடம் எந்த எல்லையில் முடிகிறதோ அந்த எல்லைக்காரர் ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் போன பொருளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதுவும் முறைதான்.

பிடித்துக் கொடுத்த ஆளுக்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மணியக்காரர் வீட்டுக் கொட்டிலில் ஓர் உரல் உண்டு. வலது கையை அதற்குள் வைக்கச் சொல்லி உலக்கையை இறக்குவார்கள். அப்படிக் கை போன இரண்டு பேர் இன்னும் கீழூரில் இடது கையால் சாப்பிடுகிறார்கள்.

"வீரபத்திரா, நல்லவேளை நீ இங்க இருக்கே," என்றார் மணியக்காரர். "இந்தப் பசங்க மாட்டுத் தடத்தையும் மனுசத் தடத்தையும் ஒண்ணாக் குழப்புறானுங்க. நீ பாரு."

வீரபத்திரன் குனிந்தார். குனிந்ததும் பழைய சந்தோஷம் வந்துவிட்டது. குடிசை வாசலில் நின்ற கால், கொடிகளுக்கு நடுவே ஓடிய கால், ஈரத்தில் வழுக்கிய கால். தண்ணீர் விளிம்பு வரைக்கும் போய் நிமிர்ந்தார்.

"ரெண்டு பேர். தண்ணியில இறங்கியிருக்காங்க. திரும்பி வரல."

மணியக்காரர் தொடையில் தட்டினார். "கேட்டீங்களாய்யா? ஏரி யாருது? கீழூருது. தடம் ஏரியில முடியுது. ஆளைக் கொடுங்க. இல்லாட்டி அஞ்சு கோட்டை விதையைக் கொண்டாந்து வைங்க."

"அஞ்சா?" என்றார் கீழூர் மண்ணாங்கட்டி. ஒல்லியான மனிதர், பெரிய குரல். "ரெண்டு பேர் அஞ்சு கோட்டையைத் தூக்கிட்டு ஓடினாங்களா? வண்டித் தடம் ஏதும் தெரியுதா, வீரபத்திரண்ணே?"

"ஒருத்தன் குதிகால்தான் ஆழமா இருக்கு," என்றார் வீரபத்திரன். "ஒரு சுமை. ஒரே கோட்டை."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு," என்றார் மணியக்காரர். "டேய், இறங்குங்கடா."

"எல்லை சொல்லலையே, பெரியவரே," என்றாள் அஞ்சலையம்மாள். கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

வீரபத்திரனுக்கு முகம் சிவந்தது. உண்மைதான். தடம் பார்த்தவர் எல்லைக் கல்லைத் தொட்டு இன்னார் எல்லை என்று உரக்கச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கால் வைக்கலாம். கோபத்தில் அதை மறந்துவிட்டார்.

குடிசைக்குப் பக்கத்துப் பனைமரத்தடிக்குப் போனார். மணியக்காரர் நிலத்துக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள கல் அங்கேதான் இருந்தது. இப்போது ஒரு குழி இருந்தது. குழியில் புல் முளைத்திருந்தது.

"கல்லைத் தேடுறீங்களா?" என்றார் மண்ணாங்கட்டி. "அது குளிக்கப் போயிருக்கு."

கீழூர்க்காரர்கள் சிரித்தார்கள். மணியக்காரர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

வீரபத்திரன் ஏரியைப் பார்த்தார். தினமும் இதே இடத்தில் தண்ணீர் மொண்டிருக்கிறார், கவனித்ததில்லை. தடம் முடிந்த இடத்துக்கும் அப்பால், கோரைப் புதருக்கும் அப்பால், முழங்கால் ஆழத்தில் அந்தக் கல் நின்றது. நெடுநாளாக அங்கேயே நிற்பது போல மஞ்சளும் பூசியிருந்தார்கள். இந்தப் பக்கம் பழைய ஏரித் தரை முழுக்க மணியக்காரரின் வெள்ளரி. வெள்ளரிக்காக, கீழூருக்குத் தண்ணீர் போகும் மடைப் பள்ளத்தை மறித்து ஒரு வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் கீழூர் வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய்க் கல்லின் மேல் கை வைத்தார்.

அங்கிருந்து கோரைக்குள் இரண்டு தலைகள் தெரிந்தன. கொளஞ்சி விதைக்கோட்டையைக் கட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் குந்தியிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவரைப் பார்த்தான். வலது கையை மெல்லத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டான்.

இங்கேதான் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை போதும். கூழ் ஊற்றியதிலிருந்தே அதைச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தார். ஆனால் கல்லைத் தொட்டவன் முதலில் சொல்ல வேண்டியது எல்லையைத்தான்.

"தடம் கல்லுக்கு இந்தப் பக்கம் முடியுது," என்று உரக்கச் சொன்னார். "இது மணியக்காரர் எல்லை."

கரையில் நின்ற ஆட்கள் மணியக்காரர் முகத்தைப் பார்த்தார்கள்.

"அப்ப?" என்றார் மண்ணாங்கட்டி.

"சொந்த எல்லைக்குள்ள முடியுற தடம் களவு ஆகாது."

அதுவும் முறைதான். ஒரு காலத்தில் தன் மூட்டையைத் தன் வைக்கோல்போரிலேயே ஒளித்துவைத்துவிட்டுப் பக்கத்து ஊரிடம் ஈடு கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக வைத்த முறை. எல்லை தாண்டாத பொருள் வீட்டுக்குள் தொலைந்த பொருள். அதற்காக யார் மேலும் கை வைக்கக் கூடாது. வைத்தால், வைத்தவன்தான் குற்றவாளி.

"என்னய்யா உளர்றே?" என்று கத்தினார் மணியக்காரர். "அந்தக் கல்லு..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க ஐயா," என்றார் மண்ணாங்கட்டி. குரலில் மரியாதை வழிந்தது. "எல்லை பனைமரம்தானே? ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாங்களே இறங்கி ஆளைப் புடிச்சுக் கையில குடுக்கிறோம். அஞ்சு கோட்டை என்ன, பத்துக் கோட்டை அளக்கிறோம்."

கீழூர்க்காரர்கள் இப்போது கம்பை ஊன்றி நிற்கவில்லை.

மணியக்காரர் கோரையைப் பார்த்தார். வெள்ளரியைப் பார்த்தார். வரப்பையும் பார்த்தார். மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கல்லு நிக்கிற இடம்தான் எல்லை," என்றார்.

"அப்ப களவு இல்ல," என்றார் வீரபத்திரன்.

"இறங்கட்டுங்களா ஐயா?" என்று கேட்டான் ஆட்களில் ஒருவன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கடா இறங்குறே? வீட்டுக்கு நட!"

அவர்கள் மேட்டில் ஏறி மறைந்தார்கள். மணியக்காரர் நிதானமாகத்தான் நடந்தார். வழியில் ஒரு வெள்ளரிப் பிஞ்சைப் பறித்துக் கடித்துக்கொண்டே போனார்.

கொளஞ்சியும் மைத்துனனும் பல் கிடுகிடுக்க வெளியே வந்தார்கள். விதைக்கோட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கொளஞ்சி வீரபத்திரன் காலில் விழப் போனான்.

"தொடாதே!" என்றார் அவர். "உனக்காகச் சொல்லல. எல்லை கேட்டாங்க, சொன்னேன். நீ திருடன்தான்."

"ஆமாங்க," என்றான் கொளஞ்சி.

மண்ணாங்கட்டி விதைக்கோட்டையை அழுத்திப் பார்த்தார். "ஊறிப்போச்சேடா. நாளன்னைக்கு முளை கட்டிடும். எந்தத் தண்ணியில விதைப்பே?"

கொளஞ்சி வரப்பைப் பார்த்தான். எல்லோரும் அதையே பார்த்தார்கள். யாரும் நகரவில்லை.

வீரபத்திரன் ஈர வேட்டியோடு விறுவிறுவென்று குடிசைக்கு நடந்தார். அஞ்சலையம்மாள் எதிரில் போய் நின்றார்.

"பார்த்தீங்களா தாயே? ஏரியை வாயில போட்டுக்கிட்டுப் பிஞ்சைக் கடிச்சிட்டுப் போறான் அந்த ஆளு. அவன் எல்லைன்னு என் வாயாலேயே சொல்ல வச்சிட்டீங்க. ஊரு கூடி நின்னு கேட்டுச்சு. ஒரு கோட்டை எடுத்தவனைத் துரத்த இத்தனை பேர் வந்தாங்க. அவனைத் துரத்த யார் இருக்கா?"

அவள் கீரையை ஆய்ந்து முடித்திருந்தாள். தண்டுகளை ஒதுக்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்லுக்குக் கால் கிடையாது, பெரியவரே. பனையடிக் குழியிலிருந்து அதை இழுத்துட்டுப் போன தடம் இருக்கும். சாட்சிக்கு ஊரார் இன்னும் கலையல."