பனிவிழிப் பூவும் அரசி நன்முல்லையும்

மேகங்கள் மலைமேல் படுத்து உறங்கிய காலத்திலே, நன்முல்லை என்றோர் அரசி இருந்தாள், கேளுங்கள். அவளுடைய மலையுச்சியில் ஒரு சதுப்பு. மழை ஓய்ந்ததும் அங்கே பனிவிழிப் பூ பூக்கும். மூடுபனிக்குள் சதுப்பு முழுக்க வெளிர்மஞ்சளாய் மிதக்கும். பார்த்தவர்களுக்குக் கண் சொக்கிப்போகும்.

அரசியின் ஒரே மகள் வெயினி அந்தப் பூக்களுக்குள்தான் ஓடி விளையாடுவாள். காய்ச்சல் கண்டு அவள் இறந்துபோன பிறகு, அரசிக்கு அந்தப் பூதான் மகள். அதனிடம் பேசுவாள், பாடுவாள்.

மலைமக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடையில் சதுப்பைக் கும்பிட்டு, காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். அரசிக்கு அது பொறுக்கவில்லை.

"என் பிள்ளை விளையாடிய இடத்தில் நெருப்பா? இனி யார் தீ வைத்தாலும் மலையை விட்டே துரத்துவேன்!" என்றாள். காவலும் போட்டாள்.

முதல் ஆண்டு பூ குறைந்தது. இரண்டாம் ஆண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பூத்தது. மூன்றாம் ஆண்டு புல்தான் ஆளுயரம் நின்றது. மகளை மறுபடியும் பறிகொடுத்தவளாய் அரசி அழுதாள்.

அந்த நேரம் பார்த்து, காட்டில் ஒளிந்திருந்த மாதி என்ற எருமைக்காரியைக் காவலர்கள் பிடித்து வந்தார்கள். கோடையில் சதுப்போரம் எரித்தவள் அவள்தானாம்.

"தெரிஞ்சு செய்யலை தாயே. கஞ்சி காய்ச்சத்தான் மூட்டினேன், காத்து தூக்கிட்டுப் போயிருச்சு. இந்த மலையை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்லை."

"நீ செய்த பாவத்தை நீயே வந்து பார்!" என்று அரசி அவளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

தீ ஓடிய இடம் ஒரு பாய் அகலம்தான். அங்கே, கரிந்த மண்ணில், பனிவிழிகள் நெருக்கியடித்துப் பூத்திருந்தன.

அரசி மண்டியிட்டாள். பக்கத்துப் புல்லை விலக்கினாள். அடியில் வெயில் படாத தளிர்கள் வெளிறிச் சுருண்டு கிடந்தன. வேர் சாகவில்லை, மூச்சு முட்டிக் கிடந்தது. முட்ட வைத்தது யாரென்று அவளுக்கு விளங்கிவிட்டது. மாதியின் கையை விட்டாள்.

அடுத்த கோடையில் ஊரே சதுப்போரம் கூடியது. தீ வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. அரசியே பந்தத்தை எடுத்தாள்.

"நான் வைக்கட்டுமா தாயே?" என்றாள் மாதி.

"வேண்டாம். மூடி வைத்தவள் நான். நானே திறந்துவிடுகிறேன்."

மகளின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, அரசி புல்லில் தீயை வைத்தாள்.

பொத்திப் பொத்தி வைப்பதல்ல அன்பு, பிள்ளைகளே. நாம் நேசிக்கும் உயிருக்கு எது தேவையோ அதை, நெஞ்சு பதறினாலும், கொடுப்பதே அன்பு.