பொத்தான் வைத்த பாய்ப்படகு

தூத்துக்குடி உப்பள முதலாளி தனபாலன் பழைய தேக்குப் பாய்ப்படகு ஒன்றை விலை பேசினார். உடைந்து கிடந்ததை வாங்கிப் புதுப்பித்து, ஏசியும் தானியங்கிச் சுக்கானும் பொருத்தியிருந்தார் தரகர் ரெக்ஸ்.

“இந்தப் பொத்தானை அமுக்குங்க சார். தானா போகும், தானா திரும்பும். ஆளே வேண்டாம்!”

முதலாளி தன் படகோட்டி கஸ்பாரைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியாலே? இனி உனக்கு இங்க என்ன சோலி? இன்னையோட நின்னுக்கோ.”

இருபது வருஷ வேலை ஒரு பொத்தானில் போய்விட்டது. கஸ்பார் முகம் சுளிக்கவில்லை.

“சரி மொதலாளி. ஆனா நம்ம கரை வழக்கம் ஒண்ணு இருக்குல்லா? படகு கைமாறுனா, வித்தவருதான் மொத சுத்து போயிட்டு வரணும்.”

“ஆமா, அது முறைதான். ஏறுங்க ரெக்ஸ்.”

“தாராளமா!” என்று ஏறிய ரெக்ஸ், “கஸ்பார், வாங்க” என்றார்.

“என்னைத்தான் நிப்பாட்டியாச்சே? நான் கரையில நின்னு கைகாட்டுதேன். நீங்க அமுக்குங்க.”

படகுத்துறைக்கு வெளியே கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ரெக்ஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பொத்தான் வரை போன விரல் திரும்பி வந்தது.

“சார்... கடல் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இல்லாம எப்படி சார்?”

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். படகை வாங்கினார், கஸ்பாரையே அதற்குப் படகோட்டியாக ஏற்றினார்.

சுக்கானைப் பிடித்த கஸ்பார் கேட்டார்: “மொதலாளி, அந்த ஏசியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுதியளா?”